பொருளைத் தள்ளிவைத்தவர்கள்

1937ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுக் கிழக்குத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அக்கல்லூரியின் பெயரைச் சொன்னதும் தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர்கள் இருவர்: பரிதிமாற் கலைஞர், மறைமலையடிகள். இருவருமே கல்லூரி பழைய இடத்தில் இருந்த காலத்தில் அங்கே தமிழ் கற்பித்தவர்கள். அடிகள் பின்னாளில் தாம்பரத்துக்கு அருகிலேயே பல்லாவரத்தில் குடியமர்ந்து, தனித்தமிழ் இயக்கத்தை அங்கிருந்தே வளர்த்தார். அந்தக் கல்லூரியின் வரலாற்றில் மொழி ஆராய்ச்சியோடு தொடர்புடைய மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. இலக்கிய வட்டங்களில் அதிகம் உச்சரிக்கப்படாத பெயர். கிஃப்ட் சிரோமணி.

அவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். புள்ளியியல் துறைப் பேராசிரியர். 1932இல் பிறந்து 1988இல் மறைந்த அவருடைய ஆய்வுப் பட்டியலைப் பார்த்தால் இது ஒரே மனிதரின் பட்டியல்தானா என்ற ஐயம் எழும். மாமல்லபுரச் சிற்பங்களில் காணும் ஆடை அணிகலன்கள் பற்றி எழுதியிருக்கிறார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காண்பது எப்படி என்று 1978இல், சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் எழுதிக்காட்டும் நூலொன்றை 1980இல் வேறு இருவருடன் சேர்ந்து வெளியிட்டிருக்கிறார். கோலத்துக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் சிந்துவெளிக் குறிகளை எண்ணியிருக்கிறார்.

'எண்ணியிருக்கிறார்' என்றே எழுதுகிறோம். 'படித்திருக்கிறார்' என்று எழுத முடியாது. இந்தக் கட்டுரையின் பொருளே அந்த வேறுபாடுதான்.

பொருளில்லாத சொல் கிடையாது என்பது தொல்காப்பியர் வழிவந்த நம் மரபின் அடிப்படை. சொல்லென்று ஒன்று இருந்தால் அது எதையேனும் சுட்டியாக வேண்டும். தனித்து நின்று பொருள் தராதவற்றுக்கும் இடைச்சொல் என்று பெயரிட்டு, பெயரையும் வினையையும் சார்ந்து அவை இயங்கும் என்று வகுத்து வைத்தவர்கள் நாம். அசைநிலை என்ற வகை மட்டும் இந்த ஏற்பாட்டில் சற்றே நெருடும். உரையாசிரியர்கள் அதற்கும் இடம் கண்டுபிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். ஆகவே, பொருளைத் தள்ளிவைத்துவிட்டு மொழியை ஆராயலாம் என்று யாராவது சொன்னால் நமக்கு அது உப்பில்லாத சோறு போலத்தான் படும்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அப்படிச் சொன்னவர்களின் கைதான் ஓங்கியது. 1957இல் நோம் சோம்ஸ்கி வெளியிட்ட சிறு நூலின் மைய வாதம், இலக்கணம் பொருளைச் சார்ந்து நிற்கவில்லை என்பது. 'சதுரமான செவ்வாய்க்கிழமை மெதுவாகக் கொதித்தது' என்று ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குப் பொருளில்லை. ஆயினும் அது தமிழ் வாக்கியம்தான் என்பதை நாம் ஒப்புக்கொள்வோம். அதே சொற்களைக் கலைத்துப்போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டோம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சில விதிகளால் விளக்கலாம். ஒரு குறியை எடு, அதற்குப் பதிலாக இன்னின்ன குறிகளை வை, வைத்ததை மறுபடியும் மாற்று. முடிவுள்ள சில விதிகளிலிருந்து முடிவில்லாத வாக்கியங்கள் பிறக்கும். மொழியியலுக்கு வந்த இந்தக் கருவியைக் கணினி அறிவியலும் உடனே சுவீகரித்துக்கொண்டது.

கிஃப்ட் சிரோமணியும், அவருடைய மனைவியும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் 1970களின் தொடக்கத்தில் செய்தது இக்கருவியைப் படங்களுக்குக் கொண்டுசென்றது. வாக்கியம் ஒரே திசையில் ஓடுவது. படம் நீளமும் அகலமும் உடையது. வரியை வளர்க்கும் விதிகளுக்குப் பதிலாகக் கட்டங்களை வளர்க்கும் விதிகள் வேண்டும். 1972இல் அவர்கள் அதற்கான கோட்பாட்டைப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். 1974இல் அதே இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற தமிழ்ச்சொல் இருந்தது.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐந்து புள்ளிக் கோலத்தைக் கற்ற பெண்ணுக்கு அதையே ஏழு புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் பெருக்கத் தெரியும். யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு கோலம் என்பது உண்மையில் ஒரு கோலக் குடும்பம். சிறிதிலிருந்து பெரிதுக்குச் செல்லும் விதி அவள் கையில் இருக்கிறது. அந்த விதியைத்தான் தாம்பரத்து ஆய்வாளர்கள் தாளில் எழுதினார்கள். சில கோலங்களுக்கு மிக எளிய விதிகள் போதும். ஆசனப் பலகைக் கோலம் போன்ற சிலவற்றுக்குச் சற்றே வலிமையான இலக்கணம் வேண்டும். மார்கழி விடியலில் வாசல் தெளித்துப் போடப்படும் இழைகளுக்குள் சோம்ஸ்கி வகுத்த படிநிலைகள் ஒளிந்திருந்தன என்பது உலகின் வேறு மூலைகளிலும் கவனிக்கப்பட்டது. கணினி வரைகலை நூல்களிலும் கணிதமும் பண்பாடும் பற்றிய நூல்களிலும் இந்தக் கோலங்கள் பின்னர் இடம்பெற்றன. நம் சிற்றிதழ்களில் அவை இடம்பெற்றதாக எங்கள் நினைவில் இல்லை.

கோலத்துக்கு என்ன பொருள்? ஆசனப் பலகை என்பதற்கு அகராதியில் பொருளுண்டு. ஆனால் அந்தக் கோலத்தின் மூன்றாவது இழைக்கோ நான்காவது வளைவுக்கோ தனிப்பொருள் கிடையாது. இலக்கணம் முழுமையாக இருக்கிறது, சுட்டுபொருள் இல்லை. சிந்துவெளிக் குறிகளின் நிலை இதற்கு நேர் மறுதலை. அவற்றுக்குப் பொருள் இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறோம். இலக்கணம் தெரியவில்லை. கோலத்திலிருந்து சிந்துவெளிக்கு சிரோமணி சென்ற பாதையை நாங்கள் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்.

அந்தப் பாதை திறந்தது 1977இல். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே கல்வெட்டாய்விலும் ஆழ்ந்திருந்த ஐராவதம் மகாதேவன், சிந்துவெளி எழுத்துகளுக்கான தொடரடைவை அவ்வாண்டு இந்தியத் தொல்லியல் துறை வழியே வெளியிட்டார். 2,906 பொருள்கள், அவற்றில் 3,573 வரிகள், மொத்தம் 13,372 குறிகள். அவற்றை அவர் 417 வெவ்வேறு குறிகளாகப் பகுத்தார். ஒவ்வொரு குறியும் எங்கே, எந்தக் குறிக்கு முன், எந்தக் குறிக்குப் பின் வருகிறது என்பதைக் கணினி வரிசைப்படுத்தித் தந்தது. மகாதேவனுக்குத் தனிப்பட்ட முறையில் உறுதியான கருத்து உண்டு: அந்த மொழி திராவிட மொழி. ஆயினும் அந்தத் தொடரடைவைத் தம் கருத்துக்கு அவர் வளைக்கவில்லை. அவரை ஏற்காதவர்களும் அதைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது, இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவருடைய வாசிப்புகளைவிட இந்தத் தொடரடைவே நீடித்து நிற்கும் என்பது எங்கள் எண்ணம். இதில் எங்கள் குழுவிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இந்தத் தொடரடைவைக் கையில் வைத்துக்கொண்டு, பொருளே தெரியாமல் என்ன செய்ய முடியும்?

தென்சென்னைப் புறநகரில் ஓடும் பேருந்துகளின் ஊர்ப்பலகைகளை எடுத்துக்கொள்வோம். தமிழில் ஓரெழுத்தும் அறியாத, ஆனால் வடிவங்களைப் பிரித்தறியும் கண்ணும் அளவற்ற பொறுமையும் உடைய ஒருவர் நிறுத்தத்தில் அமர்ந்து அவற்றைப் படியெடுக்கிறார். மடிப்பாக்கம், ஊரப்பாக்கம், கேளம்பாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம். இறுதியில் எப்போதும் ஒரே குறித்தொடர். அது ஒருபோதும் முதலில் வருவதில்லை. அது பிரித்தெடுக்கத்தக்க ஓர் உறுப்பு என்று அவர் குறித்துக்கொள்வார். மேடவாக்கத்தையும் கண்டபின், இந்த உறுப்புக்குச் சற்றே மாறிய இன்னொரு வடிவமும் உண்டு என்று ஐயுறுவார். பாக்கம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அது ஓர் ஈறு என்பது நம்மைப் போலவே அவருக்கும் தெரிந்துவிட்டது.

இன்னும் சில நாள் உட்காரட்டும். தாம்பரம் என்ற தொடருக்குப் பின்னால் 'கிழக்கு' அல்லது 'மேற்கு' என்ற தொடர் அடிக்கடி வருவதைக் காண்பார். தற்செயலாக எத்தனை முறை சேர்ந்து வரவேண்டுமோ அதைவிட மிகுதியாகச் சேர்கின்றன, இது ஈர்ப்பு. அதே வேளையில் கிழக்கும் மேற்கும் ஒன்றையடுத்து ஒன்று வருவதே இல்லை, இது விலக்கம். ஒன்றையொன்று விலக்கும் இரண்டும் மூன்றாவது ஒன்றை ஒரேமாதிரி ஈர்க்கின்றன என்றால், அவை இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக்கூடியவை. திசைப்பெயர் என்ற கருத்தே இல்லாமல் திசைப்பெயர்களின் இனத்தைக் கண்டுபிடித்தாயிற்று.

சிரோமணியும் அவருடன் பணியாற்றிய அப்துல் ஹக்கும் சிந்துவெளிக் குறிகளில் செய்தது இதுதான். எந்தக் குறிகள் ஒன்றையொன்று நாடுகின்றன, எவை ஒதுங்குகின்றன என்பதற்கான அளவைகளை வகுத்து 'புராதத்துவ' இதழில் எழுதினார்கள். நீண்ட வரிகளை எங்கே வெட்டுவது என்ற கேள்வியை அடுத்து எடுத்துக்கொண்டார்கள். சிந்துவெளி எழுத்தில் சராசரிப் பொறிப்பின் நீளம் ஏறத்தாழ ஐந்து குறிகள்தான். பத்துப் பன்னிரண்டு குறிகள் உள்ள அரிய வரிகள், வேறிடங்களில் தனித்து வரும் சிறு தொடர்களின் சேர்க்கையாக இருக்கலாம். அப்படியானால் ஒட்டு எங்கே? இணைப்பு மிகத் தளர்ந்த இடங்களில். ஒரு வரியை வெட்டக்கூடிய எல்லா வழிகளையும் ஒப்பிட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க, கணினி அறிவியலில் டைனமிக் புரோகிராமிங் என்றழைக்கப்படும் முறையைக் கையாண்டார்கள். இந்தக் கட்டுரை, கணினியும் மானுடவியல் துறைகளும் பற்றிய பன்னாட்டு இதழில் 1988இல் வெளிவந்தது. சிரோமணி மறைந்த ஆண்டும் அதுவே.

அந்தக் கட்டுரைகளில் எந்தக் குறிக்கும் ஒலி தரப்படவில்லை. திராவிடமா சமஸ்கிருதமா என்ற வழக்கில் தீர்ப்பும் இல்லை.

இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஆலிஸ் கோபர், கிரீட் தீவின் நேர்கோட்டு எழுத்து 'பி' வகையை 1940களில் ஆராய்ந்தார். போர்க்காலத்துக் காகிதப் பஞ்சத்தில் கிடைத்த தாள்களையெல்லாம் வெட்டி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் தயாரித்து, சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்தார். குறிகளுக்கு ஒலி ஊகிப்பதை அவர் பிடிவாதமாக மறுத்தார். சொற்கள் ஈறு மாறி மாறி மும்மூன்றாக வருவதைக் காட்டினார். அது வேற்றுமை ஏற்கும் மொழி என்பது அதனால் புலனாயிற்று. 1950இல் அவர் இறந்தார். இரண்டாண்டு கழித்து மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்தார்; அது கிரேக்கம். வென்ட்ரிஸே அதை எத்ருஸ்கன் சார்ந்த மொழி என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவர். அவருடைய முன்முடிவை உடைத்தது எண்ணிக்கைதான். தாம்பரத்தில் நடந்த வேலையைக் கோபரின் வேலையோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். வேறுபாடு, சிந்துவெளிக்கு இன்னும் வென்ட்ரிஸ் வரவில்லை. வருவாரா என்பதும் உறுதியில்லை.

வந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டவர்கள் நிறைய. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வாசிப்புகள் வெளியாகியிருக்கின்றன. 1982இல் எஸ்.ஆர்.ராவ் அதை வேதமொழிக்கு நெருங்கிய மொழியாகப் படித்தார். 2000ஆம் ஆண்டில் ஜா, ராஜாராம் இருவரும் வேத சமஸ்கிருதமாகப் படித்து, உடைந்த முத்திரையொன்றின் மங்கிய படத்தில் குதிரையையும் கண்டார்கள். நம் சென்னையிலிருந்து வெளிவரும் 'ஃபிரண்ட்லைன்' இதழில் மைக்கேல் விட்சலும் ஸ்டீவ் ஃபார்மரும் அந்தக் குதிரையை ஒற்றைக்கொம்பு விலங்காக மறுபடி மாற்றியது அதே ஆண்டில்தான். இந்தக் கதையைச் சொல்லி மகிழும் நாம், தமிழாகப் படித்தவர்களிடம் அதே கறாரோடு நடந்துகொள்கிறோமா? ஈராஸ் பாதிரியார் 1953இல் தம் பெருநூலில் முத்திரைகளை முழு வாக்கியங்களாகவே படித்துவிட்டார். அவற்றுள் ஒரு பொறி மட்டும் இன்றும் அணையாமல் இருக்கிறது. மீன் வடிவக் குறி நீரிலுள்ள மீனையும் சுட்டலாம், வானத்து மீனையும் சுட்டலாம் என்ற ஊகம் அது. ஃபின்லாந்தின் அஸ்கோ பர்போலா அதை வளர்த்தெடுத்து 1994இல் விரிவான நூல் எழுதினார்.

இங்கேதான் பொருள் திரும்பி வருகிறது. மீன் என்பது இன்றைய தமிழிலும் சங்கத் தமிழிலும் இரு பொருள் தருவது உண்மை. முத்திரைகளின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2600 முதல் 1900 வரை. நம்மிடமுள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மௌனம். சங்க இலக்கிய அகராதியை எடுத்துக்கொண்டு மொகஞ்சதாரோவுக்குப் போவது, பேரனின் கையெழுத்தை வைத்துக் கொள்ளுத்தாத்தாவின் பத்திரத்தைச் சரிபார்ப்பது போன்றது. தமிழின் சாட்சி மட்டும் போதாது. இரு பொருளும் மூலத் திராவிடத்திலேயே ஒரே ஒலியில் இருந்தனவா என்று கேட்க வேண்டும். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவை பெரும்பாலும் எழுத்தில்லாத பழங்குடி மொழிகள்: நீலகிரியின் தோடாவும் கோத்தாவும், நடு இந்தியாவின் கோண்டியும் கோலமியும், கிழக்கே குருக்கும் மால்தோவும், பலுசிஸ்தானத்தில் தனித்து நிற்கும் பிராகுயியும்.

அந்தச் சாட்சிகளைத் தேடிப் போனவர்களில் தலையாயவர் மரே எமனோ. கனடாவில் பிறந்த சமஸ்கிருத மாணவர். அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்த எட்வர்ட் சப்பீரிடம் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று, 1935இல் நீலகிரிக்கு வந்தார். எழுத்தில்லாத மொழியைப் பேசுவோர் வாயிலிருந்து கதையாகவும் பாட்டாகவும் பதிவு செய்து, அதிலிருந்து இலக்கணத்தையும் சொற்பொருளையும் எடுப்பது சப்பீர் வழி. தோடர்களின் உறவுமுறைச் சொற்கள் பற்றி 1941இல் எமனோ எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அச்சொற்களின் பொருளை அந்தச் சமூகத்தின் அமைப்பை அறியாமல் எழுத முடியாது என்பதை அதில் காணலாம். தாமஸ் பரோவும் அவரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, 1984ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் 5,500க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டது. சிந்துவெளியைத் திராவிடமாகப் படிக்க முயலும் எவரும் அந்த அகராதியின் மேல்தான் நிற்கிறார்கள். அதாவது, தோடர் மந்துகளிலும் கோண்டு கிராமங்களிலும் பெயர் தெரியாத பலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த சொற்களின் மேல்.

ஒரு சிறு விலகல். தாம்பரத்தைச் சுற்றிய செங்கல்பட்டுப் பகுதியில் இருளர் வாழ்கிறார்கள். ரோமுலஸ் விட்டேகர் தம் முதல் பாம்புப் பண்ணையைத் தொடங்கியது தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில்தான். அவருக்குப் பாம்பைப் பற்றிக் கற்றுத்தந்தவர்களும் இருளரே. நீலகிரி இருளரின் மொழியை ழெரார் டிஃப்லோத் 1968இல் தம் ஆய்வேட்டிலும், கமில் சுவலபில் 1973 தொடங்கி மூன்று பகுதிகளிலும் விவரித்தார்கள். சமவெளி இருளரிடம் பாம்பின் தடத்தையும் எலி வளையையும் மூலிகையையும் பற்றி உள்ள சொற்களை, அவற்றின் நுண்பொருளோடு அதே அக்கறையுடன் தொகுக்க வேண்டும். மொகஞ்சதாரோவைப் படிக்கும் ஆசையில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்தால் போதும்.

மீண்டும் குறிகளுக்கு. சிந்துவெளியில் மிக அதிகமாக வரும் குறி, இரு கைப்பிடியுள்ள சாடி போன்றது. மகாதேவனின் கணக்கில் 1,395 முறை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அது பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருகிறது, நம் 'பாக்கம்' போல. அதை மகாதேவன் ஆண்பால் ஒருமை ஈறாகப் படித்தார். வேறு சிலர் வேற்றுமை உருபு என்றார்கள். பெயர் வேறு, ஒலி வேறு. இடம் மட்டும் ஒன்று. அது இடைச்சொல் போல ஒன்றைச் சார்ந்து நிற்கும் உறுப்பு என்பதில் அவர்களுக்குள் சண்டையில்லை. எண்ணிக்கை சொன்னதை எல்லோரும் ஏற்கிறார்கள், அதற்கு மேல் சொன்னதை யாரும் யாரிடமிருந்தும் ஏற்கவில்லை.

2004இல் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்பிரோட், விட்சல் மூவரும் மேசையையே கவிழ்த்தார்கள். இது எழுத்தே இல்லை என்றார்கள். வரிகள் மிகக் குறுகியவை, ஒரே முறை மட்டும் வரும் குறிகள் மிகுதி, ஒரே வரிக்குள் குறிகள் திரும்ப வருவது குறைவு. ஆகவே இவை குலக்குறி, தெய்வக்குறி போன்ற சின்னங்கள்தாம். எழுத்தில்லாத நாகரிகம் என்ற சொல் இங்கே பலரைப் புண்படுத்தியது. ஆனால் அதற்கான தகுந்த பதில் கோபத்திலிருந்து வரவில்லை. தாம்பரத்துக்கு வடக்கே சில கல் தொலைவில் தரமணி. அங்கே கணித அறிவியல் நிறுவனத்தில் இயற்பியலராக இருந்த ரோனோஜாய் அதிகாரி, அமெரிக்காவில் ராஜேஷ் ராவ், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் நிஷா யாதவ், மயங்க் வாஹியா, இவர்களோடு மகாதேவன் உள்ளிட்டோர் 2009இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு குறியைப் பார்த்தபின் அடுத்த குறியை எந்த அளவுக்கு ஊகிக்க முடியும் என்பதை என்ட்ரோபி என்ற அளவால் குறிக்கலாம். முழு ஒழுங்கிருந்தால் ஊகத்துக்கு இடமே இல்லை. முழுக் குழப்பமானால் ஊகமே பயனில்லை. மனித மொழிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. சுமேரியம், பழந்தமிழ், ரிக்வேத சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு அருகே சிந்துவெளிக் குறிகளும் நின்றன. மரபணுத் தொடரும் கணினி நிரல்மொழியும் விலகி நின்றன. அதே நிறுவனத்தில் சிதப்ர சின்ஹாவும் சக ஆய்வாளர்களும் குறிகளை வலைப்பின்னலாகக் கண்டு, அவற்றின் வரிசையில் தொடரமைப்பு இருக்கிறது என்று தனியே காட்டினார்கள்.

பத்திரிகைகள் 'சிந்துவெளி எழுத்து மொழியே என நிரூபணம்' என்று தலைப்பிட்டன. நிரூபணமாகவில்லை. மொழியாக இருந்தால் இந்த எல்லைக்குள் இருக்கும். எல்லைக்குள் இருப்பதெல்லாம் மொழியாகிவிடாது. ஸ்பிரோட் 2010இலும் 2014இலும் இதைத்தான் சுட்டினார், அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் குறிகள் மனம்போனபடி அடுக்கப்பட்டவை அல்ல என்பது இனி அசைக்க முடியாதது. கோலமா வாக்கியமா என்று சொல்ல முடியாவிட்டாலும் இலக்கணம் உண்டு என்று சொல்லலாம். சிரோமணியும் ஹக்கும் சிறிய கணினியில் தொட்ட இடம் இது.

அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007இல் சிந்துவெளி ஆய்வு மையம் அமைந்தது. 2018இல் மறையும்வரை மகாதேவன் அதற்கு வழிகாட்டினார். 2025 ஜனவரியில், சிந்துவெளி கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட நூற்றாண்டையொட்டிச் சென்னையில் நடந்த கருத்தரங்கில், அந்த எழுத்தைப் படித்தறிவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். மகாதேவன் பெயரில் ஆய்விருக்கைக்கும் நிதி அறிவிக்கப்பட்டது. தமிழகப் பானை ஓடுகளின் கீறல் குறிகளில் மிகப் பெரும்பான்மைக்குச் சிந்துவெளியில் ஒத்த வடிவங்கள் உண்டு என்ற ஆய்வும் வெளியிடப்பட்டது. உழைத்துத் தொகுத்த தரவு அது, வரவேற்க வேண்டியது. வடிவ ஒற்றுமையைப் பொருள் ஒற்றுமையாக வாசித்துவிடும் அவசரத்தை மட்டும் வரவேற்க முடியவில்லை. நம் 'ட' எழுத்தும் ரோமன் 'எல்' எழுத்தும் ஒரே வடிவம்தான். 'ப'வும் 'யு'வும் அப்படியே. ஒரு குறி இன்னொரு குறிக்கு உறவா என்பதை அதன் முகம் சொல்லாது. அது யாரோடு சேர்கிறது, யாரை விலக்குகிறது என்பது சொல்லும். பானை ஓடுகளில் குறிகள் வரிசையாக நீண்டு கிடைக்காதவரை அந்தச் சோதனையைச் செய்யவே வழியில்லை.

இதற்கு முன்பும் ஒரு பரிசு இருந்தது. ஐம்பது குறிகளுக்குக் குறையாத ஒரே ஒரு சிந்துவெளிப் பொறிப்பைக் காட்டுபவருக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக ஃபார்மர் அறிவித்திருந்தார். நமக்குக் கிடைத்தவற்றில் மிக நீண்டது மூன்று பக்கங்களிலுமாகச் சேர்த்து 26 குறிகள். ஃபார்மரின் கட்சியில் நாங்கள் இல்லை. ஆனால் இரண்டு பரிசுகளில் விவரமறிந்த பரிசு அவருடையது. வேண்டியது இன்னொரு வாசிப்பு அன்று, இன்னும் நீளமான ஒரு வரி. அது மண்ணிலிருந்துதான் வர வேண்டும்.

சிரோமணியின் ஆய்வுக் கட்டுரைகள், ராணி சிரோமணி 2019இல் மறைவதற்கு முன் பணியாற்றிய சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இணையதளத்தில் தொகுக்கப்பட்டன. அந்நிறுவனம் இருப்பதும் இதே தென்புறநகரில், சிறுசேரியில். சிந்துவெளிக் கட்டுரைகள் கடினமாகத் தோன்றினால் கோலக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். கோலமாவும் தரையும் கைவசம் இருந்தால் இன்னும் எளிது.